தறிக்கூடத்தில் ஐந்து ஃபேன்கள்

எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் ஃபேன் கிடையாது. பட்டு நெய்கிற வீடுகளில் எனக்குத் தெரிந்து யாரும் தறி ஓடும்போது ஃபேன் போட மாட்டார்கள். காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு உலரும், உலர்ந்த இழை பட்பட்டென்று அறும். அதனால் ஜன்னலைப் பாதி சாத்தியே வைத்திருப்போம். காலையிலும் மத்தியானத்திலும் தரையில் தண்ணீர் தெளிப்போம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று இருக்கும், இடுப்புக்கு மேலே வெந்துபோகும். சித்திரை வைகாசியில் ஆரணி வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது கோடையில் நான் தறியிலேயே மயங்கி விழுந்தேன். மாமியார் ஓடி வந்து சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தார். கண் திறந்து பார்த்தால் அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் பாவு இழைகளை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"சரிகை மேல தண்ணி பட்டுச்சா பாரும்மா. கறுத்துப்பூடும்."

நானும் பார்த்தேன். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தலை சுற்றச் சுற்ற, குனிந்து சரிகையைப் பார்த்தேன். படவில்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. அன்று நானும் நிம்மதிப்பட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சின்ன டேபிள் ஃபேன், அதுவும் மத்தியானம் ஒரு மணி நேரம், முதுகுப் பக்கமாக வைத்தால் போதும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். முதலாளி வீட்டிலிருந்து பட்டும் சரிகையும் வாங்கி வருவது, நெய்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் டீக்கடையில் உட்காருவது, இதுதான் அவர் வேலை. "அம்மாவ கேளு" என்றார். கேட்டேன்.

"நீயும் தறிக்காரன் வூட்ல பொறந்தவதானே. உங்கூட்ல ஃபேன் போட்டுகினா நெஞ்சாங்க?"

போளூரில் எங்கள் அப்பா வீட்டிலும் ஃபேன் கிடையாது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கூடத்தில் இன்னொரு தறியும் இருந்தது. மாமனார் போனதிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை. பழைய பெட்ஷீட் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அது என் கொழுந்தனுக்காகக் காத்திருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் ஷிப்டுக்குப் போய்விட்டு நின்றுவிட்டான். மாமியாருக்கு அவன் உயிர். ஆனாலும் சோறு போடும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லுவார், "எதுவும் ஒத்து வரலன்னா தறி கீது." அவன் அந்தத் தறிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டான். அதைத் தாண்டிப் போகும்போது சுவரோரமாக நடப்பான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் பேச்சு வந்த சமயம் அது. அவன் வேலூரிலும் சென்னையிலும் பழைய சாமான் கடைகளில் துண்டு துண்டாக வாங்கி வந்து ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டினான். ஒரு கார்டு மட்டும் புதிது. கிராஃபிக்ஸ் கார்டு என்றான். திரையில் படத்தை வரைந்து காட்டுவது அதுதானாம். கைக்கடக்கமான பச்சைப் பலகை, அதன் மேல் ஒரு சின்ன விசிறி. அதைக் கையில் வாங்கிய அன்று அவன் முகத்தில் இருந்த பூரிப்பை என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் முகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

ஓவர்கிளாக்கிங் என்ற வார்த்தையை அப்போதுதான் கேள்விப்பட்டேன். கம்பெனிக்காரன் ஒரு வேகம் வைத்துக் கொடுக்கிறான், அதற்கு மேல் நாமே முடுக்கிவிடலாம், ஆனால் முடுக்க முடுக்கச் சூடு ஏறும். சூட்டை இறக்கத் தெரிந்தவன் இன்னும் முடுக்கலாம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு போட்டி நடந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒரு கம்பெனி நடத்தியது. ஒரு சோதனைப் படம் இருக்கிறது, அதைக் கார்டு எவ்வளவு வேகமாக ஓட்டுகிறதோ அதற்கு மார்க். திரையில் வருகிற மார்க்கைப் படமெடுத்து, பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்ப வேண்டும். முதல் மூன்று பேருக்கு அந்தக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை. கெடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணி. அதுவரை ஒருத்தன் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயற்சி பண்ணி அனுப்பலாம்.

"மூணுல ஒருத்தனா வந்துட்டா நான் போயிடுவேன் அண்ணி" என்றான். எங்கே போவான் என்று கேட்கவில்லை. எங்கிருந்து போவான் என்பதுதான் விஷயம்.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தறிக்கூடம். பட்டுக்காக நாங்கள் காத்து வைத்திருந்த குளிர்ச்சி. கம்ப்யூட்டரை அங்கே கொண்டுவந்து, என் தறிக்கு எட்டடி தள்ளி ஒரு மேஜை போட்டு வைத்தான். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்டின் மேல் இருந்த சின்ன விசிறி போதாது என்று கழற்றிப் போட்டான். எங்கிருந்தோ ஒரு செம்பு ஹீட் சிங்க் கொண்டுவந்தான். அடியில் தட்டை, மேலே சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தகடுகள். சூடு அந்தத் தகடுகளுக்கு ஏறி, காற்றில் இறங்கிவிடுமாம். அதன் அடிப்பக்கத்தை உப்புக் காகிதத்தில் மூன்று நாள் தேய்த்தான். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, வெள்ளைப் பசை தடவி, கார்டின் மேல் உட்கார வைத்தான். சுற்றியிருந்த சின்னச் சில்லுகளும் சுடுகின்றன என்றதும் மாமியார் சாமி பெட்டியைத் திறந்து எட்டுப் பழைய செப்புக் காசு எடுத்துக் கொடுத்தார். நான் தலைப்பிரசவத்துக்குப் போனபோது திருஷ்டிக்கு ஒரு காசு கேட்டதற்கு, மாமனார் வைத்த காசு, எண்ணிக்கை குறையக் கூடாது என்றவர் அவர்.

ஹீட் சிங்க்கின் மேல் ஒரு ஃபேன். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு. பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அந்தத் திறப்புக்கு நேராக ஒரு பெடஸ்டல் ஃபேன், ஆள் உயரம். மொத்தம் ஐந்து. ஜன்னலையும் விரியத் திறந்தான். நான் குழியில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மனுஷிக்கு ஒன்று தராத வீட்டில் ஒரு பலகைக்கு ஐந்து.

அந்தக் காற்றில் ஒரு பொட்டுக்கூட என் மேல் பட்டதில்லை. ஆனால் பாவு மேல் பட்டது. காலையில் இரண்டு இழை, மத்தியானம் நாலு இழை என்று அறுந்தது. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் அரை நாள் போய்விடும். மாமியார் வந்து புடவையைத் தடவிப் பார்ப்பார்.

"கை சரியில்லயே உனக்கு."

"காத்து அடிக்குது அத்த."

"அது அந்தாண்ட பார்த்துகினு கீது. இங்க எங்க அடிக்குது? அவன் ஆம்பளப் புள்ள, ஒரு வழி பொறக்கட்டும். நீ முடிச்சு போட்டுகினு நெய்யி."

நெய்தேன். அவன் நாள் முழுக்க அந்தச் சோதனைப் படத்தை ஓட்டுவான். அதில் ஒரு காடு வரும், பிறகு ஒரு அருவி கொட்டும், புல்லெல்லாம் காற்றில் ஆடும். வேர்வை கண்ணில் இறங்க நான் அந்த அருவியை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்த்தேன். திரை மூலையில் சூட்டு எண் ஓடும். அது எழுபதைத் தாண்டினால் அவன் எழுந்துபோய் ஹீட் சிங்க்கின் மேல் விரலை வைத்துப் பார்ப்பான். ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மெதுவாக வைப்பான்.

ஒருநாள் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடத்தில் ஏழெட்டுப் பேர். அவன் எல்லாருக்கும் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொண்டிருந்தான். சூடு இறங்கவில்லை. ஃபேனைத் திருப்பினான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தறியில் இருந்தவள் அப்போதுதான் எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தேன்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க ஒடம்பு சூடு இந்தாண்ட அடிக்குது."

வேண்டுமென்று சொல்லவில்லை. எண் ஏறுகிறது, காரணம் தேடுகிறான், அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். நாத்தனார், "பார்த்துக்கோடா, உங்கண்ணன் எப்படி சமாளிக்கிறாரோ" என்றார். மறுபடி சிரித்தார்கள். நான் தள்ளி நின்றேன். அன்றைக்கு ராத்திரி எல்லாருக்கும் தோசை சுட்டுப் போட்டேன், ஒன்றுகூடக் கருகவில்லை.

சரிகையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சரிகை என்பது நூல் மாதிரி இருக்கும், நூல் இல்லை. உள்ளே பட்டு, மேலே வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கும் மேலே பொன் முலாம். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது என் தம்பி ஒரு முழம் சரிகையை எடுத்து சுவிட்ச் போர்டு ஓட்டைக்குள் விட்டான். டப்பென்று வெடித்து, அவன் புருவம் பொசுங்கி, தெருவில் பாதி வீட்டுக்குக் கரெண்ட் போயிற்று. அவனைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அப்பா என்னை அடித்தார். சரிகையில் கரெண்ட் ஓடும் என்று எனக்கு அப்படித்தான் தெரியும். என் கொழுந்தன் கரெண்டைப் பற்றி மூன்று வருஷம் படித்தவன், ஆனால் பிறந்ததிலிருந்து சரிகையைக் கையால் தொட்டதில்லை. மாமியார் ஆயுசுக்கும் சரிகையைத் தொட்டவர், அவருக்குக் கரெண்ட் என்றால் பல்பு. இரண்டும் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவன் நல்ல மார்க் எடுத்து அனுப்பிவிட்டு வந்தான். நாலாவது இடத்தில் இருந்தான். மூன்றாவது ஆளுக்கும் அவனுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். இன்னும் ஒரு பிடி முடுக்கினால் தாண்டிவிடலாம் என்றான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மூடி வைத்திருந்த தறியைத் தாண்டும்போது அதன் மேல் கை வைத்துவிட்டுப் போனான். அதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டவில்லை. முதல் நாள்தான் ஒரு புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியிருந்தேன். உடம்பு முழுக்கப் புட்டா, அதாவது சின்னச் சின்னச் சரிகைப் பூ, போட்ட கல்யாணப் புடவை. அந்த மாதிரிப் புடவையின் பின்பக்கத்தில் ஒரு புட்டாவிலிருந்து அடுத்த புட்டா வரைக்கும் சரிகை ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டின துணுக்கெல்லாம் வெள்ளி, ஒன்றுகூடச் சிந்தாமல் துணி விரித்துப் பிடித்து டப்பாவில் சேர்ப்போம். எப்போதும் பின்கட்டு வாசலில் உட்கார்ந்துதான் வெட்டுவேன். அங்கே காற்று இருக்காது.

மாமியார் தேவிகாபுரத்துக் கோயிலுக்குப் போயிருந்தார், பிள்ளைக்கு வேண்டிக்கொள்ள. வீட்டுக்காரரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தார். வீட்டில் நானும் அவனும்தான். நான் புடவையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், பெடஸ்டல் ஃபேனுக்கு இரண்டு முழம் முன்னால். முதன்முதலாக அந்த ஃபேன் காற்று என் முதுகில் பட்டது. ஜன்னல் திறந்திருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணி விரிக்கவில்லை.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உக்காருங்க அண்ணி" என்றான். தள்ளிப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

வெட்டினேன். துணுக்குகள் மடியில் விழுந்தன, காற்று எடுத்துக்கொண்டது. ஒன்று பெட்டியின் முன்பக்க வலையில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. ஒன்று மேஜைக் காலில் பட்டுக் கீழே விழுந்தது. மற்றதெல்லாம் திறந்திருந்த பக்கவாட்டு வழியாக உள்ளே போயின. நான் அவற்றைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தேன். கத்தரியை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். தவறிப் போய் நடந்தது என்று பின்னால் எனக்கே கதை சொல்லிக்கொள்ளப் பார்த்தபோதெல்லாம், அந்த நகர்ந்தது வந்து எதிரே நிற்கும்.

நாலு மணிக்கு மேல் இருக்கும். அவன் முடுக்கிவிட்டுப் படத்தை ஓட்டினான். காடு முடிந்தது. அருவி கொட்டியது. எண் எழுபத்தொன்றில் நின்றது. "இந்த ரவுண்டு போதும் அண்ணி, இது முடிஞ்சா தாண்டிடுவேன்" என்றான். புல் ஆடிக்கொண்டிருக்கும்போது கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரையில் கோடு கோடாக விழுந்து கறுத்துப் போனது. ஐந்து ஃபேனில் பெடஸ்டல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நாற்றம் வந்தது.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். கார்டை வெளியே எடுத்து, ஹீட் சிங்க்கைக் கழற்றி, மல்லாத்திப் பார்த்தான். ஓர் ஓரம் கருகியிருந்தது. சரிகை இருந்த இடத்தில் கரித்தூள்தான் இருந்திருக்கும், அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "வோல்டேஜ் ஜாஸ்தி ஏத்திட்டேன்" என்றான். "பேராச பட்டுட்டேன்." தரையில் உட்கார்ந்து கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி வரைக்கும் அப்படியே இருந்தான். கூடத்துக் கடிகாரத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தான். நான் மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அவன் மோரைக் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவன் மயங்கி விழ வேண்டும், நான் தண்ணீர் தெளித்துவிட்டு வேறெங்கோ பார்க்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். பெட்டியின் வலையில் ஒட்டியிருந்த துணுக்கை அவன் கைகழுவப் போன சமயத்தில் எடுத்து டப்பாவில் போட்டேன். தரையில் கிடந்ததையும் பெட்டிக்குள் சிதறியிருந்ததையும் பொறுக்கினேன். அன்றைக்கு டப்பாவில் சரிகை குறைந்திருந்ததை மாமியார் கண்டுபிடித்துத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நாலாவது இடம். மேலே இருந்த மூன்று பேருக்கும் பெங்களூரிலிருந்து கடிதம் போயிற்று. மாமியார் ஐந்து ஃபேனையும் கம்ப்யூட்டரையும் கூடத்திலிருந்து எடுக்கச் சொன்னார். பட்டு இருக்கிற இடத்தில் கண்டதை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று, தான் சொல்லியும் யாரும் கேட்காத மாதிரி பேசினார். பெடஸ்டல் ஃபேன் அவர் படுக்கிற அறைக்குப் போனது. ஜன்னலை மறுபடி பாதி சாத்தினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மூடி வைத்திருந்த தறியின் பெட்ஷீட்டை எடுத்தார்கள். மாமியார் கற்பூரம் காட்டினார். அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான். தாயும் அண்ணனும் போன பிறகு அவன் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். இருபத்தி நாலு வயசு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் முகம்.

"உங்கள கேக்காமயே உங்க எடத்துல வந்து ஒக்காந்துகினு ரெண்டு மாசமா ரொம்ப பேஜார் பண்ணிட்டேன் அண்ணி. எழ அறுந்ததெல்லாம் என்னாலதான். எனக்கு தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லல."

நான் மிதிக்கட்டையின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"ஆனா அன்னிக்கு வூட்ல யாருமே இல்ல. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. நீங்க மட்டும்தான் வேலைய எடுத்துகினு வந்து கூடவே ஒக்காந்தீங்க. அத நான் மறக்கவே மாட்டேன் அண்ணி. என்ன மன்னிச்சுக்கங்க."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வேறொரு நேரம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அவன் கண் நிறைந்திருந்தது, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"பரவால்ல தம்பி" என்றேன். "உள்ள எறங்கு. மொதல்ல எடது கால வையி."

அவன் இறங்கினான். மிதிக்கட்டையில் காலை எங்கே வைக்க வேண்டும் என்று குனிந்து காட்டினேன்.